தலைக்கட்டுக் கணக்கு

வாங்க தம்பி, உள்ள வாங்க. தலைவர் வீடு எதுன்னு டீக்கடையில கேட்டீகளாக்கும். இங்கிட்டுக் கையக் காட்டுனானா? சரியாத்தான் காட்டியிருக்கான். பத்து வருசப் பழக்கம், மூணு மாசத்துல போயிருமா? செருப்ப அங்கிட்டு விடுங்க. அந்தச் சேரு வேணாம், கால் ஆடும். இதுல ஒக்காருங்க.

என்னா நோட்டு அது? காலேசுல குடுத்து விட்டாகளா? எங்க, காட்டுங்க. "ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் பட்டியல் இனப் பெண் தலைவர்கள்." நல்லாத்தான் எழுதியிருக்காக. வாசிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது. இப்பத் தலைவரா வந்திருக்கிற அந்தம்மாவத்தான் பாக்கணும்ங்கிறீக. பாக்கலாம். பதினோரு மணிக்கு மேலதான் ஆபீசுக்கு வரும். அதுவரைக்கும் என்கிட்டக் கேளுங்க. என்ன நடந்துச்சுன்னு அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? ஜெயிச்சது மட்டும்தான் தெரியும். எப்படி நடந்துச்சுன்னு தோத்தவனத்தான் கேக்கணும் தம்பி. அவன்தான் ராத்திரியும் பகலும் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பான்.

தவமணி, தம்பிக்குத் தண்ணி கொண்டா.

எம் பேரு சோணைமுத்து. எழுதிக்கங்க. கொன்றைவயல் ஊராட்சிக்குப் பத்து வருசம் தலைவரா இருந்தேன். போர்டுலயா? போர்டுல தவமணின்னு இருக்கும். அது எம் பொண்டாட்டி. அப்ப சட்டத்துல இந்த ஊரப் பொம்பளைக்குன்னு ஒதுக்கியிருந்தாய்ங்க. ஒதுக்குனா ஒதுக்கட்டும்னு அவள நிப்பாட்டுனேன். பேரு அவ பேரு, கையெழுத்து அவ கையெழுத்து, தலைவரு நான். யூனியன் ஆபீசுல மாசாமாசம் கூட்டம் போடுவாக. "அம்மா வரலையா?"ன்னு ஆபீசரு கேப்பாரு. "ஒடம்பு சரியில்ல சார்"னுட்டு அந்தச் சேர்ல நான் ஒக்காந்துக்குவேன். மாசத்துக்கு ஒண்ணு, பத்து வருசத்துல நூத்தி இருவது தடவ ஒடம்பு சரியில்லாமப் போன பொம்பள அவ. ஒரு நாளு ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல. கல்லு மாதிரி இருக்கா.

நான் ஒண்ணும் தற்குறி இல்ல தம்பி. பகல்ல அரிசி மில்லுல மூட்டை தூக்கிட்டு, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல ஒக்காந்து பத்தாவது பாஸ் பண்ணுனவன். கணக்குல எம்பத்தியொண்ணு. வாத்தியார் சொல்லுவாரு, "சோணைமுத்து, ஒனக்குக் கணக்கெல்லாம் வருது, கேள்விய முழுசாப் படிக்கிறது மட்டும்தான் வரல"ன்னு. அவரு கெடக்காரு. எம்பத்தியொண்ணு போட்டாரா இல்லையா?

தேர்தலுக்கு ரெண்டு மாசம் இருக்கையில அறிவிப்பு வருது. கொன்றைவயல் ஊராட்சித் தலைவர் பதவி, பட்டியல் இனப் பெண்ணுக்கு. பத்து வருசத்துக்கு மாத்த முடியாது. சட்டம். அந்தச் சட்டத்தப் போட்டவனப் பாத்தா நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். ஊர்ல எரநூத்திப் பன்னெண்டு தலைக்கட்டு. காலனியில அறுவது வீடு. எரநூத்திப் பன்னெண்டுக்கு அறுவதுல இருந்து தலைவர் வரணும்னா, இது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு? இதுக்குக் கோட்டையில ஒக்காந்து கைதட்டி நெறவேத்தியிருக்காய்ங்க. ஒருத்தனாவது இங்க வந்து ஒரு நாள் இருந்து பாத்திருப்பானா? வந்திருந்தா நானே கெடா வெட்டிச் சோறு போட்டு விளக்கியிருப்பேன்.

என்னது? எம் பொண்டாட்டியும் அதே சட்டத்துலதான வந்தாங்கிறீகளா? அது வேற தம்பி. அது வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. யாருக்கும் தொந்தரவு இல்ல.

தலைக்கட்டுன்னா தெரியுமா ஒங்களுக்கு? டவுனுல வளந்த பிள்ள. கல்யாணமான ஆம்பள ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி தலைக்கட்டுக்கு இம்புட்டு, கெடாக்கறி தலைக்கட்டுக்கு ஒரு கூறு, ஊர்க் கூட்டத்துல பேச்சு தலைக்கட்டுக்கு ஒண்ணு. பொம்பள, பிள்ளைக, கெழடு கட்ட எல்லாம் அந்தத் தலைக்குள்ள அடக்கம். எங்க ஊர்ல எதையும் அப்படித்தான் எண்ணுவோம். நல்ல முறை. எண்ணுறதுக்கு லேசு.

அறிவிப்பு வந்த மறுநாளு கருப்பன் கோயில் முன்னால கூட்டம். ஊர்ப் பெரியதனம் பாக்குற அம்பலம் வீட்டு ஆளுக குதிக்கிறாய்ங்க. ஒருத்தரும் மனுத் தாக்கல் பண்ணக்கூடாது, காலனியில எவளாவது போட்டா ஊர்ல வேலை குடுக்கக்கூடாது, அப்படி இப்படின்னு. எனக்குக் கோவமே வராது தம்பி. எல்லாத்தையும் கத்த விட்டுட்டுக் கடைசியா எந்திரிச்சேன். "ஏப்பா, சட்டம்ங்கிறது பஸ்சு மாதிரி. குறுக்க நின்னா மேல ஏத்திட்டுப் போயிரும். ஓரமா நின்னு கையப் போட்டு ஏறி ஒக்காந்துக்கணும்"னேன். கூட்டம் அடங்கிருச்சு.

என் டிராக்டர ஓட்டுறவன் கதிரேசன். காலனிக்காரன், நல்ல பய. அவன் பொண்டாட்டி செல்லக்கண்ணு, சேந்தாப்புல நாலு வார்த்த பேசாது. "தவமணி இருந்த எடத்துல செல்லக்கண்ணு இருக்கும், அம்புட்டுத்தான் வித்தியாசம்"னு சொன்னேன். எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. சட்டமும் சந்தோசப்படும், நாமளும் சந்தோசப்படலாம். எரநூத்திப் பன்னெண்டு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு நாலு ஓட்டு, எண்ணூத்தி நாப்பத்தெட்டு. எதுத்து எவ நின்னாலும் காலனி ஓட்டு எரநூத்தி நாப்பதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிரும் யாரு ஜெயிப்பான்னு. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஊரே பொங்க வச்சுச்சு.

எதுத்து நின்னது யாரு? அந்தம்மாதான். பஞ்சவர்ணம். புருசன் போயி ஏழெட்டு வருசம் ஆச்சு. நூறு நாள் வேலையில பேரு கூப்புட்டு வருகை எடுக்கிற பொம்பள. ஊர்ப் பொம்பளைகளும் காலனிப் பொம்பளைகளும் சேந்து மண்ணு வெட்டுற எடம் அது ஒண்ணுதான், அங்க இந்தம்மாதான் நோட்டு. வாய் இருக்கே தம்பி. நான் தலைவரா இருக்கையில ஒரு கிராம சபைக் கூட்டம். நீங்க வரையில பாத்திருப்பீகளே, ரோட்டு மேல அலங்கார வளைவு. நான் கட்டுனது. அதோட அருமை பெருமைய நான் சொல்லிக்கிட்டு இருக்கேன், பின்னால இருந்து எந்திரிக்குது.

"அண்ணே, வளைவு இருக்கட்டும். கம்மாக்கரைப் பாதைக்கு வெளக்கு எப்ப வரும்? இருட்டுல பொம்பளைக எப்படிண்ணே ஒதுங்கப் போறது? போன மாசம் ஒரு பிள்ளையப் பாம்பு கடிச்சிருச்சு."

"ஒங்க தெருவுல வெளக்கு இருக்குல்ல?"ன்னேன்.

"எங்க தெருவுக்கு மட்டும் கேக்கலண்ணே. ஊர்ப் பொம்பளைகளும் அந்தப் பாதையிலதான் போறாக."

"ஊர்ப் பொம்பளைகளுக்குப் பேச நீ யாரு?"ன்னேன்.

எங்க பொம்பளைக அம்பது அறுவது பேரு அங்கதான் ஒக்காந்திருந்தாக. அம்புட்டுப் பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாக. அந்தம்மா பேசுனது அவுகளுக்கே பிடிக்கல பாருங்க. தவமணி எம் பக்கத்துச் சேர்லதான் இருந்தா. கிராம சபைக்கு மட்டும் கூட்டிட்டுப் போவேன், போட்டோ எடுப்பாக. அவ அந்தம்மாவப் பாத்துக்கிட்டே இருந்தா. நான் தொடையில தட்டி, "போட்டோக்காரன் அங்கிட்டு இருக்கான்"னு சொல்லி முகத்தத் திருப்பி விட்டேன்.

தேர்தல் வேலைய நான் சாதாரணமாச் செய்யல. தவமணிக்கு மகளிர் குழு ஒண்ணு இருக்கு. வாரத்துக்கு ஒரு நாளு கூடுவாளுக. என்ன பேசுவாளுக, சேலையப் பத்திப் பேசுவாளுக. "சும்மாதான போற, செல்லக்கண்ணுக்கு ஓட்டுக் கேட்டுட்டு வா"ன்னேன். "கேக்குறேன்"னா. அந்த மாசம் வாரத்துக்கு மூணு நாள் போனா. ஒரு நாளு தெரு முழுக்க, ஒரு நாளு கெழக்கு வீடுக, ஒரு நாளு கம்மாய்க்குள்ள வேல செய்யிற எடத்துக்கே போயிட்டு வந்தா. வெயிலு கொளுத்துது, கறுத்துப்போயிட்டா. நான்தான் மோரு கலக்கிக் குடுத்தேன். பத்து வருசத்துல அவ அப்படி ஓடியாடி வேல பாத்து நான் பாத்ததில்ல. "நீ தலைவரா இருக்கையில இந்தச் சுறுசுறுப்பு எங்கடி போச்சு?"ன்னு கேலி பண்ணுனேன். "அப்ப ஒடம்பு சரியில்லையே"ன்னா. சிரிச்சிட்டேன். நக்கலு வரும் அவளுக்கும் அப்பப்ப.

ஓட்டுப் போடச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். மாதிரிச் சீட்டு அடிச்சு வச்சுக்கிட்டு வீடு வீடாப் போனேன். "ரெண்டே பேருதான் ஆத்தா. மேல செல்லக்கண்ணு, பூட்டு சாவி சின்னம். கீழ பஞ்சவர்ணம், கை உருளை. மேல இருக்கிறதுல குத்தணும், கீழ குத்திராதீக"ன்னு. "கீழ குத்துனா என்னாகும்?"னு ஒரு கெழவி கேட்டுச்சு. "கீழ குத்துனா பஞ்சவர்ணம் வந்துரும்"னேன். "அப்படியா"ன்னு அந்தக் கெழவி சீட்ட வாங்கி நல்லாப் பாத்துச்சு. கண்ணு தெரியாதுன்னு ரெண்டு தடவ கையப் பிடிச்சுக் காட்டுனேன். எது மேல, எது கீழன்னு ஊர்ல ஒரு பொம்பளைக்குக்கூடக் கொழப்பம் இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன். இல்ல. தெளிவாப் புரிய வச்சிட்டேன்.

ஓட்டு அன்னைக்கு ஆட்டோ வச்சேன். நடக்க முடியாத ஆளு, காச்சல்காரி, பிள்ளைத்தாச்சி எல்லாரையும் ஏத்திக் கொண்டாந்து எறக்குனேன். ஆம்பளைக வரிசையவிடப் பொம்பளைக வரிசை நீளம். எங்க பொம்பளைக மட்டும் நானூத்தி இருவது ஓட்டு. இந்த ஊரு கண்டதில்ல. முந்தியெல்லாம் பாதிப்பேரு வேலை கெடக்குன்னு வரமாட்டாக. போட்டுட்டு வெளிய வர்ற ஒவ்வொருத்தி முகத்துலயும் சிரிப்பு. தவமணி பள்ளிக்கூட வாசல்ல என்னயப் பாத்துச் சிரிச்சா. கல்யாணமாகி இருவத்தேழு வருசத்துல நாலு பேரு முன்னால அவ என்னயப் பாத்துச் சிரிச்சது அன்னைக்குத்தான். ஜெயிச்சிட்டோம்னு சிரிக்கிறான்னு நெனச்சுக்கிட்டேன்.

எண்ணுறாக. மாலை வாங்கி டிராக்டர்ல வச்சிருக்கேன். பஞ்சவர்ணம் அறுநூத்தி நாலு. செல்லக்கண்ணு நானூத்தி முப்பத்தியொண்ணு. செல்லாதது பதினேழு. மறுபடி எண்ணச் சொன்னேன். எண்ணுனாக. பஞ்சவர்ணம் அறுநூத்தி நாலு.

இருங்க, அவசரப்படாதீக, மணி பத்தரைதான ஆகுது. நோட்டுல கணக்கப் போடுங்க. காலனி ஓட்டு எரநூத்தி நாப்பது. அதுல கதிரேசன் வீட்டு ஓட்டு ஆறு, அது நம்மளுது. நம்மளுதுதான்னு வச்சுக்கங்க. செல்லக்கண்ணு தனக்குத்தான் போட்டுக்கிச்சான்னே எனக்கு இப்பச் சந்தேகம். தோத்த அன்னைக்குப் பலகாரம் சுட்டுத் தின்னுச்சாம். சரி, ஆறக் கழிங்க. எரநூத்தி முப்பத்தி நாலு. அறுநூத்தி நாலுல அதக் கழிச்சா முன்னூத்தி எழுவது. ஊருக்குள்ள இருந்து முன்னூத்தி எழுவது ஓட்டு அந்தப் பக்கம் போயிருக்கு. எவன் போட்டான்?

வக்கீலப் போயிப் பாத்தேன். "என்ன முறைகேடு?"ன்னாரு. "எங்க ஆளுக மாத்திப் போட்டுட்டாக"ன்னேன். "அதுக்குப் பேருதான்யா தேர்தலு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டாரு. எல்.எல்.பி. படிச்சிருக்காரு. எங்க படிச்சாரோ.

சரி, சட்டம் நமக்கு ஆகாது, சாமிகிட்டப் போவோம்னு முடிவு பண்ணுனோம். கருப்பன் முன்னால சூடத்தப் பத்தவச்சு, வீட்டுக்கு ஒரு ஆளு, எரநூத்திப் பன்னெண்டு தலைக்கட்டும் வரிசையா வந்து சூடத்த அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணணும். "நான் பூட்டு சாவிக்குத்தான் போட்டேன்"னு. பொய்ச் சத்தியம் பண்ணுனா மண்டலத்துக்குள்ள கண்ணு அவிஞ்சிரும். அது எங்க கருப்பன், வெளையாட்டு இல்ல. எரநூத்திப் பன்னெண்டு பேரும் அணைச்சான். ஒருத்தன் கை நடுங்கல. பூசாரிக்கு உள்ளங்கை கொப்பளிச்சுப்போச்சு சூடம் வச்சு வச்சு. மண்டலமும் தாண்டிருச்சு, சத்தியம் பண்ணி இப்ப தொண்ணூறு நாளாச்சு. எரநூத்திப் பன்னெண்டு சோடிக் கண்ணும் நல்லாத் தெரியுது. மேலத்தெரு மூக்கன் ஒருத்தனுக்குத்தான் பொரை விழுந்துச்சு, அதுவும் தேர்தலுக்கு முந்தியே விழுந்தது.

பொம்பளைகளா? அவுக எதுக்குச் சத்தியம் பண்ணணும்? தலைக்கட்டு சத்தியம் பண்ணுனா வீடே பண்ணுன மாதிரி. கருப்பன் கோயிலுக்குள்ள பொம்பளைக வரவும் கூடாது. நீங்க கேக்குற கேள்வியப் பாத்தா, ஒங்க காலேசுல ஒண்ணுமே சொல்லித் தர்றதில்ல போலருக்கு.

ஒருத்தரும் பொய் சொல்லல, ஆனா முன்னூத்தி எழுவது ஓட்டு அங்க கெடக்கு. இதுல எதோ ஒரு பெரிய தலை இருக்கணும். கருப்பனையே ஏமாத்துற தலை. ஒக்காந்து யோசிச்சேன். கண்டுபிடிச்சேன்.

உடையப்பன். தவமணியோட கூடப் பொறந்த தம்பி. எம் மச்சினன். கம்மாய்க்கு அங்கிட்டு அவனுக்கு ஒண்ணே கால் ஏக்கரு இருக்கு, அதப் பஞ்சவர்ணத்தோட அண்ணன்தான் வாரத்துக்கு, வெளச்சல்ல பங்குக்குப் பாக்குறான். போதாதா? இன்னொண்ணு சொல்றேன். முடிவு வந்த அன்னைக்கு அவன் டீக்கடையில சிரிச்சிருக்கான். எதுக்குன்னு கேட்டா, "எங்க மாமன் மாலைய வாங்கி டிராக்டர்ல வச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாகளே, அதுக்கு"ன்னு சொன்னானாம். துரோகி சிரிக்கத்தான செய்வான்.

எம் மகன் கவியரசு சிங்கப்பூர்ல இருக்கான். உடையப்பன் மகளத்தான் அவனுக்குப் பேசியிருந்தோம். சின்னதுல இருந்தே பேசுனதுதான், ரெண்டும் போன்லயே குடும்பம் நடத்துதுக. மாசியில கல்யாணம்னு மண்டபம் பாத்தாச்சு. நிப்பாட்டிட்டேன். ஊரக் காட்டிக் குடுத்தவன் வீட்டுல சம்பந்தம் வேணாம்னு ஆளு விட்டுச் சொல்லிட்டேன். உடையப்பன் இந்த வாசல்ல வந்து நின்னான். "மாமா, எம் பிள்ள சத்தியமா நான் பூட்டு சாவிக்குத்தான் போட்டேன். சூடம் அணைச்சேன்ல?"ன்னு அழுகுறான். "ஒன் சூடம் டூப்ளிகேட் சூடம்டா"ன்னேன். நிதானமாத்தான் சொன்னேன். மகன் போன் பண்ணிக் கத்துனான். வச்சிட்டேன்.

அன்னைல இருந்து தவமணி என்கிட்டப் பேசுறதில்ல. சோறு வைப்பா, போயிருவா. நாப்பது நாளாச்சு. எதோ விரதம் இருக்கா போலருக்கு, மகன் நல்லாருக்கணும்னு. இருக்கட்டும். வீடு அமைதியா இருக்கு.

அந்தம்மா பொறுப்பேத்த கதையச் சொல்லலையே. ஆபீசு புத்தகமெல்லாம் இங்கதான் பீரோவுல இருக்கும். எனக்குத் தோது. கிளார்க்கக் கூட்டிக்கிட்டு வந்து அந்தக் கேட்டுகிட்ட நின்னுச்சு. ஒக்காரச் சொன்னேனாவா? வெயிலே இல்ல தம்பி, நின்னா என்ன?

"அண்ணே, தீர்மானப் புத்தகம் வேணும்"னுச்சு.

"இருக்கட்டும்மா. ஒனக்கு அதெல்லாம் புரியாது. நான் பாத்துச் சொல்றேன், நீ கையெழுத்துப் போடு."

"பத்து வருசம் பாத்தீகள்லண்ணே, கண்ணு வலிக்கும். குடுங்க, இனி நாங்க பாத்துக்கிறோம்."

எப்படிப் பேச்சு பாருங்க. நான் எந்திரிக்கல. தவமணி உள்ள போயி பீரோவத் தெறந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்து குடுத்துட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்தம்மா அங்கயே நின்னு புத்தகத்தப் பெரட்டுது. ஒரு பக்கத்துல நிறுத்திக் கிளார்க்குகிட்டக் காட்டுது. "இது யாரு எழுத்து? கம்மாக்கரைப் பாதைக்கு ஆறு வெளக்குன்னு எழுதி அடிச்சிருக்கு." நாலு வருசத்துக்கு முந்தின பக்கம். அது ஒண்ணுமில்ல தம்பி, ஒரு நாளு நான் ஊர்ல இல்லாதப்பத் தவமணி அவளா ஒரு தீர்மானம் எழுதி வச்சிட்டா. வந்து பாத்தேன். சத்தம் போடல. ஸ்கேலு வச்சு நேராக் கோடு போட்டு அடிச்சேன். பேனா எடுத்தமா, எங்க காட்டுறாகளோ அங்க கையெழுத்துப் போட்டமான்னு இருக்கணும்ல?

"என் எழுத்துத்தான்"னா தவமணி. ரெண்டு பேரும் கேட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டுமா நின்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. பதவி போன வருத்தம் இவளுக்கு, பதவி வந்த தெனாவெட்டு அந்தம்மாவுக்கு. பொம்பளைகளுக்குள்ள அது சகசம்.

வந்த வேகத்துல அந்தம்மா போட்ட மொதத் தீர்மானம் என்னங்கிறீக? அந்த ஆறு வெளக்குத்தான். எரியுதாம். நான் அந்தப் பக்கம் போறதில்ல. வளைவுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு மனுக் குடுத்தேன், அது இன்னும் கெடக்கு. இதான் தம்பி சட்டம் போட்டுக் கொண்டாந்த ஆட்சி. ஊரோட அடையாளம் உரிஞ்சு தொங்குது, ஒதுங்குற எடத்துக்கு வெளிச்சம்.

இப்ப எழுதிக்கங்க. காலேசுல வாசிக்கட்டும். இந்த ஊராட்சியில ஒதுக்கீடு ஜெயிக்கல, சட்டம் ஜெயிக்கல. ஒரு துரோகி ஜெயிக்க வச்சான். பேரு உடையப்பன், தகப்பன் பேரு சின்னாண்டி. எழுதிட்டீகளா? பேருக்கு அடியில ஒரு கோடு போடுங்க.

இந்தா, தண்ணி வந்திருச்சு. என்ன, சேல மாத்திக்கிட்டு நிக்கிற? எங்க கெளம்பிட்ட?

என்னது?

தம்பி, நீங்க எழுதுங்க, அவ எதோ சொல்றா. நாப்பது நாளு விரதம் இன்னைக்கு முடிஞ்சிருச்சு போலருக்கு. "அந்தப் பேர அடிங்க தம்பி"ங்கிறா. "எந் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. எம் பேர எழுதுங்க. தவமணி. நான்தான் கை உருளைக்குப் போட்டேன்"ங்கிறா. கேட்டீகளா? தம்பிப் பாசம் எப்படிப் பேச வைக்குது பாருங்க. கல்யாணம் நின்னுபோச்சேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிது, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறா.

ஏய், நீ பூட்டு சாவிக்குத்தான்டி போட்ட. நான்தான ஒனக்கு மாதிரிச் சீட்டுல காட்டிக் குடுத்தேன், மேல குத்துன்னு.

"காட்டுனீக. அதனாலதான் தப்பாமக் கீழ குத்துனேன்"ங்கிறா.

தம்பி, என்ன எழுதுறீக? அடிக்காதீக. உடையப்பன அடிக்காதீக. அவ சொல்றதெல்லாம் எழுதலாமா? அவ தலைக்கட்டு இல்ல, அவ பேச்ச எந்தக் கூட்டத்துலயும் எடுத்துக்க மாட்டாக. என்ன, கேட்டே எழுதுறீகளா? த-வ-ம-ணி. அப்பறம் என்னடி வேணும் ஒனக்கு? "முன்னாள் தலைவர்னு போடுங்க"ன்னா சொல்ற? போட்டுட்டாரு. சந்தோசமா?

எங்க எந்திரிக்கிறீக? அவ கூடவா? "ஆபீசுல இன்னைக்கு எங்க எல்லாருக்கும் கூட்டம், வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்"ங்கிறாளா? எல்லாருக்கும்னா யாரு? தெருவுல என்ன, இம்புட்டுப் பொம்பளைக போறாளுக? மாதிரிச் சீட்ட வாங்கிப் பாத்த கெழவிகூடப் போகுது, அதுக்குக் கண்ணு தெரியாதுன்னாகளே, எம்புட்டு நேராப் போகுது. போங்க, போங்க. தவமணி, மத்தியானத்துக்கு என்ன செஞ்சு வச்சிருக்க? "அடுப்படியில இருக்கு, போட்டுத் தின்னுங்க. கல்யாணத்துக்கு நாளு குறிக்க நான் எந் தம்பி வீட்டுக்குப் போயிட்டுத்தான் வருவேன்"னு சொல்லிட்டுப் போறா.

தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க. நோட்டுல கணக்கு இருக்குல்ல, அத ஒரு தடவ பாருங்க. எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஒரு பேச்சுக்கு அவ போட்டதாவே வச்சுக்குவோம். ஒரு ஓட்டு. அவ ஒருத்தி, ஒண்ணுதான? மிச்சம் முன்னூத்தி அறுவத்தொம்பது இருக்கே தம்பி. அத எவன் போட்டான்?